சாதாரண காந்தாரம்

முதுநகரில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
வாடகை குறைவு. காரணம்,
தரை எப்போதும் லேசாக நடுங்கும்.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்,
தவணை முடியாத லேப்டாப்,
இருபத்தைந்து கட்டை உள்ள குட்டிக் கீபோர்டு.
அதில் மேல் ஸ அழுத்தினால் எழுந்திருக்காது.
உப்புக்காற்று.

தேசிங்கு அண்ணனின் புது விசைப்படகு
வெள்ளிக்கிழமை தண்ணியில் இறங்குகிறது.
வீடியோவுக்கு மியூசிக் வேண்டும்.
"பழைய படத்துல வில்லன் வீட்டுக் கதவு தொறக்கும்ல,
அப்ப ஒண்ணு வரும்ல, உய்ய்ங்னு,
அது மாதிரி.
ஆனா மங்களகரமா."

மங்களகரமான உய்ய்ங்.
தேடினேன்.

ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு இறங்கியது
ஒரு சின்தசைசரின் மொத்த உடம்பும்,
நாலு ஜிபி.
நான் பிறப்பதற்குப் பதினாறு வருஷம் முன்னால்
எந்தக் கண்டத்திலோ திருகி மூடிய பெட்டி.
யாரோ அதன் முன் உட்கார்ந்து
கட்டை கட்டையாக அழுத்தி,
பில்டரை மூடி ஒரு தடவை,
பாதி திறந்து ஒரு தடவை,
முழுக்கத் திறந்து ஒரு தடவை,
ஒலி தானாகச் சாகும்வரை பொறுத்திருந்து
பதிந்திருக்கிறார்.
அறுபத்தொரு கட்டை.
நூற்று எண்பத்து மூன்று தடவை
கையை எடுத்துவிட்டு
மூச்சைப் பிடித்திருப்பார்.

அசல் பெட்டி சூடேறினால் சுதி நழுவுமாம்,
நாளுக்கொரு விதமாக.
என்னிடம் இருப்பது ஒரு நாளின் நழுவல்.
கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டால்
இரண்டாம் நொடியில் மயிரிழை சரியும்.
மறுபடி தொட்டால்
இரண்டாம் நொடியில்
அதே மயிரிழை.
குடிகாரன் வேஷம் கட்டியவன்
ஒவ்வொரு ஆட்டத்திலும்
ஒரே பலகைமேல் விழுகிற மாதிரி.

அதனால் திருட்டு வேலை தொடங்கினேன்.
ஒவ்வொரு சுரமாக மவுஸால் பிடித்து
இரண்டு சென்ட் மேலே, ஒரு சென்ட் கீழே,
இதைத் தொடாதே, அதைக் கொஞ்சம் தாமதி.
அசல் மாதிரி தப்பு வருவதற்கு
மணி பதினொன்று.

அப்போதுதான் கேட்டது:
ஒலி செத்த பிறகும் அடியில் ஒரு ரீங்காரம்.
மீட்டரில் பார்த்தேன், அறுபது.
அந்த ஊர்க் கரண்ட் நொடிக்கு
அறுபது தடவை துடிக்கும்.
பதிந்தவரின் சுவருக்குள் ஓடிய கம்பி
கோப்புக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
நீக்கிவிடலாம். ஒரு பட்டன்தான்.

ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன்.
என் ஸ்பீக்கருக்கு எர்த் சரியில்லை,
அது எப்போதும் முனகும்,
நம் ஊர்க் கரண்டின் ஐம்பதில்.
கீழே கம்ப்ரஸர் கிளம்பினால் இன்னும் உரக்க.

ஐம்பதை ஸ என்று வைத்தால்
அறுபது எங்கே நிற்கும்?
மின் கட்டண ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்.
ஐந்துக்கு ஆறு.
சாதாரண காந்தாரம்.
சுத்தமாக,
நான் ஒரு சென்ட் கூட நகர்த்தாமல்.

பட்டனை விட்டுவிட்டேன்.
பாதி மெட்டை அழித்து
இந்த இரண்டின்மேல் திரும்பக் கட்டினேன்.
நடுவில் அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்:
"சந்தனமாரின்னு படகு பேரு
ரெண்டு தடவ வர்ற மாதிரி பாத்துக்க."
சரி என்று கட்டைவிரல் போட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
ஐஸ் கம்பெனி ஓய்ந்தது, ஸ்பீக்கர் ஓய்ந்தது.
இத்தனை மாதத்தில் முதல் தடவையாகத்
தரை சும்மா இருந்தது.
துறைமுகத்தில் யாரோ யாரையோ
பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

லேப்டாப்பில் பேட்டரி முப்பது சதவீதம்.
ஹெட்போனை மாட்டினேன்.
அங்கே இன்னும் கரண்ட் இருந்தது.