நூற்றிருபது நாள்

ஒரு வாரமாய் இனிப்பே தொடவில்லை சிஸ்டர் என்கிறார்
முட்டத்து பெல்லார்மின், டிரெய்லர் டிரைவர்.
நான் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீஷியன் என்று
திருத்துவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது.

ஹொஃபூஃப். இரவு பதினொன்றே கால்.
ஊதாமூடிக் குழாயில் மூன்று மில்லி.
இந்த இயந்திரம் ஒரு வாரத்தைக் கேட்பதில்லை,
மூன்று மாதத்தைக் கேட்கும்.

ஆறு கார்பன் சங்கிலி. நீட்டிப் படுக்கத் தெரியாது அதற்கு.
முதல் கார்பன் வளைந்துபோய்
ஐந்தாவதன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும்.
ஆறாவது வெளியே தொங்கும்,
கதவிடுக்கில் மாட்டிய சேலைத் தலைப்பாக.
லட்சம் வளையத்தில் இரண்டோ மூன்றோ
எந்நேரமும் பிடி விட்டுத் திறந்து நிற்கும்.
அப்போது பக்கத்தில் ஹீமோகுளோபின் வந்தால்
ஒட்டிக்கொள்ளும்.

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை.
அழித்து எழுத ஏடு இல்லை.
ஒட்டியதை முதுகில் போட்டுக்கொண்டு
நூற்றிருபது நாள் ஓடும்,
பிறகு மண்ணீரலில் உடையும்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.
அச்சுத்தாள் வருமுன்னே
கைகளை விடுகிறார்.
"சல்வா ரோட்ல தூக்கம் தள்ளும் சிஸ்டர்.
ராத்திரிக்கு நாலு டின் எனர்ஜி டிரிங்க்.
ரமலானுக்கு முந்தியிருந்தே."

ஒன்பது புள்ளி நான்கு.

"கொஞ்சம் குறைச்சு எழுதக் கூடாதா?
கம்பெனிக்குப் போற பேப்பர்."

ஜன்னலுக்கு வெளியே, பார்க்கிங் விளக்கில்,
கலாஸ் பேரீச்சை வலைப்பைக்குள் பழுக்கிறது.
பழத்தில் இருப்பதும் இதே சர்க்கரைதான்
தடித்த அடிமரத்தில் இருப்பதும் இதேதான்.
அடுத்தடுத்து நின்று கோக்கையில்
ஒன்றுவிட்டு ஒன்று குப்புறத் திரும்பினால் மரம்,
திரும்பாமல் கோத்தால் மாவு.
மரத்தை மெல்லப் பல் இருக்கிறது நமக்கு,
பிரிக்க நொதி இல்லை.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
முடியாது அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

கோப்பில் இன்னொரு வரி: ஓ நெகட்டிவ்.
ஏ, பி என்றால்
அணுவின் மேல் நிற்கும் சர்க்கரைக் கிளையின் நுனியில்
இன்னுமொரு சர்க்கரை கூடுதலாய் இருக்கும்.
இவருக்கு நுனி வெறுமை.
போன வருடம் கேம்ப்பில் சாரம் சரிந்த இரவு
பேஷாவர்க்காரன் ஒருவனுக்குள் போனது இவர் ரத்தம்.
அவன் உடம்பு இவரை அஜ்னபி என்று விரட்டவில்லை.

"இனி ரத்தம் குடுக்கலாமா?"
கம்பெனியைப் பற்றிக் கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.
டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.
காகிதத்தை எட்டாய் மடித்து
இக்காமா அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனார்.
டிரெய்லர் கிளம்பும் அதிர்வில்
குழாய்கள் ஸ்டாண்டில் கிலுகிலுத்தன.

என் பிளாஸ்கில் டீ, இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு.
ஆறு வருட இரவு ஷிஃப்ட்.
என் பேர் எழுதிய குழாய்
இதுவரை ஒன்றுகூட இந்த இயந்திரத்துக்குள் போனதில்லை.
ஊதாமூடிகள் பெட்டியில் நிறைய இருக்கின்றன.
டீயை ஊற்றுகிறேன்.
ஆறட்டும்.