பலகை

டிரெய்லரின் பின்கதவைச் சாய்த்தால்
அதுவே ஏறுபலகை.
பலகை மண்ணைத் தொடும் ஓசைக்கு
லுல்வாவின் உடம்பு நடுங்கும்.
ஈ உட்கார்ந்த இடம் மட்டும் சிலிர்க்குமே,
அப்படியல்ல,
மொத்தமாக.

போன தை மாதப் பனிமூட்டத்தில்
ஸ்வெய்ஹான் சாலையில் கவிழ்ந்த வண்டிக்குள்
இரண்டு மணி நேரம் கிடந்தவள்.
உடன் வந்த குதிரை பிழைக்கவில்லை.
இவளுக்கு இடது தொடையில் பதினெட்டுத் தையல்.
தழும்பின்மேல் மயிர்
வெள்ளையாக முளைத்திருக்கிறது.

முன்பு இருந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள்,
பின்னால் இருவர் துடைப்பத்தோடு நின்றார்கள்.
ஒருவனுக்கு விலா எலும்பு போயிற்று.
மேலாளர் என்னிடம் சொன்னார்:
நாற்பது நாள்.

வேலியடைத்த மணலுக்குள்
வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை.
விடியுமுன் நான்கு மணிக்கு
பலகைமேல் உட்கார்ந்து
பருப்பில் தோய்த்த குபூஸைத் தின்றேன்,
அவளுக்கு முதுகைக் காட்டியபடி.
சும்மா இருப்பது எவ்வளவு வேலை என்று எழுத
அல் வத்பாவின் சம்பளச் சீட்டில் இடமில்லை.

இளம்பரிதி என்ற பெயர்
பக்கீத்தின் வாயில் நுழையாது.
நடுவில் கிள்ளி எடுத்து 'பரி' என்பான்.
கஸ்ஸலாவிலிருந்து வந்தவன்.
அறியாமலே என்னைக் குதிரை என்று கூப்பிடுகிறான்.
சொல்லிவிடலாம் என்று நினைப்பேன்,
பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.
லுல்வா என்றால் முத்து.
முத்து என்று அழைத்துப் பார்த்தேன்,
காதுகூட அசையவில்லை.
எங்களுக்குப் பொதுமொழி
நாக்கை மேலண்ணத்தில் தட்டும் ஒரு 'டொக்'.

பன்னிரண்டாம் நாள்
பலகையின் நிழலை மோந்தாள்.
ஒரு காது என் பக்கம்,
மற்றது நெடுஞ்சாலைப் பக்கம்.
பதினேழாம் நாள் ஒரு குளம்பை வைத்தாள்.
வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தது.
பின்வாங்கினாள்.
கயிற்றை அவள் போக்கில் விட்டேன்.
அவள் போகலாம் என்பது
முதலில் கயிற்றுக்குத் தெரியவேண்டும்.

பத்தொன்பதாம் நாள், முந்தின இரவு
போனில் வீட்டோடு சண்டை.
யார்மேலோ இருந்த கோபத்தில்
கயிற்றை ஒருமுறை சுண்டினேன்.
ஒரே ஒருமுறை.
அதைச் சரிசெய்ய ஆறு நாள் போயிற்று.
பரிவு என்ற பெரிய வார்த்தையை
யாரும் என்மேல் போர்த்தவேண்டாம்.

முப்பத்து நான்காம் நாள்
மணல் காற்று.
இன்றைக்கு ஒன்றும் வேண்டாமென்று
டிரெய்லருக்குள் நின்று கழுவிக்கொண்டிருந்தேன்.
பிடரியில் ஈரமாய் ஒரு வெப்பம்.
திரும்பாமல் எண்ணினேன்:
பலகைமேல் ஒன்று, இரண்டு,
மூன்று, நான்கு.
காற்றுக்கு ஒதுங்கி வந்தாளோ என்னவோ,
எனக்காக என்று சொல்லிக்கொள்ள
ஆசையாக இருந்தது.

கதவை மூட ஓடிவந்தான் பக்கீத்.
கையை உயர்த்தி நிறுத்தினேன்.
கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒன்று கொடுத்து
பின்னடியாக மெல்ல இறக்கி
வெளியே விட்டேன்.

"ஏறியவளை ஏன் இறக்கினாய்?"
மேலாளரின் அறை, ஏசி சில்லென்றிருந்தது.
எனக்குத் தெரிந்த உடைந்த அரபியில் சொன்னேன்:
கதவு திறந்திருக்கு.
அவளுக்குத் தெரியணும்.
அவர் சிரித்தார்.
அவருடைய மேசையின் இரண்டாம் இழுப்பறையில்
எங்கள் பாஸ்போர்ட்டுகள்,
ரப்பர் பட்டை போட்டு, ஊர்வாரியாக.
என் கண் அங்கே ஒருமுறை போய் வந்தது.
அவர் பார்த்தாரா, தெரியாது.

சாயங்காலம் பார்த்தால்
லுல்வா வண்டியின் பின்னால் நிற்கிறாள்.
பலகை தூக்கி மூடியிருந்தது.
மூக்கால் ஒரு தட்டு.
போய் இறக்கிவைத்தேன்.
ஏறவில்லை.
இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்,
பிறகு புல்லுக்குப் போய்விட்டாள்.