கேட்டுச் சொல்லவும்

பன்னிரண்டுக்குக் கீழே போனால்
மையத்தை மூடி அடுத்த தெருவோடு சேர்த்துவிடுவார்கள்.
எங்களிடம் ஒன்பது.
முட்டை ஒன்பது, தட்டு இருபத்தைந்து.
மீதித் தட்டுகளையும் தினம் கழுவி வைக்கிறேன்,
தூசி இருந்தால் அதையும் எழுதிக்கொண்டு போவார்கள்.

மாவட்டத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பிறப்பு குறைந்ததற்குக் காரணம்:
செலவு, படிப்பு, தாமதத் திருமணம்,
கடைசியில் 'பிற'.
அதற்கு விட்ட இடம்
ஒரு கட்டைவிரல் அகலம்.

குடியாத்தத்தில் ஆற்றோரம் எங்கள் தெரு.
மேல்பாதி தறி, கீழ்பாதி பீடி,
நடுவில் இரும்புக் கேட்டு.
குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் போட்டது,
அப்புறம் ஊர்வலத்துக்காக,
அப்புறம் சும்மா.
ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டு.
சாவி இரண்டு, இரண்டும் மேலே.

கவுண்டன்யாவில் வெள்ளம் வந்த வருஷம்
தூணோடு பிடுங்கிக்கொண்டு போனது.
பதினோரு நாள் நகராட்சிப் பள்ளி ஹாலில் எல்லோரும்.
கரும்பலகைப் பக்கம் அவர்கள், ஜன்னல் பக்கம் இவர்கள்.
மூன்றாம் நாள் நடுவில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.
"யார் வூட்டுது இது?" என்று கத்திக்கொண்டே
தூக்கிப் போனாள் லோகநாயகி.
பதில் வருவதற்குள் கழுவி முடித்திருந்தாள்.

அன்பு கின்பு ஒன்றும் இல்லை.
சார்ஜருக்கு அடித்துக்கொண்டார்கள்,
சாப்பாட்டுப் பொட்டலத்தை எண்ணி எண்ணி வாங்கினார்கள்.
தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபின்
அந்த இடத்தில் இரண்டு பள்ளம் மட்டும்.

அடுத்த வருஷம் என் பதிவேட்டில் ஏழு பெயர்.
மேலே நான்கு, கீழே மூன்று.
அதற்கு முந்தைய நான்கு வருஷமும் சேர்ந்து ஐந்துதான்.

ஆறு பிள்ளை கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன்.
கரன்ட் இல்லாத ராத்திரிம்மா, என்று சிரித்தார் பெரிய சார்.
ஹாலில் அறுபது பேர் படுத்திருந்தோம் சார், என்றேன்.

அந்த ஏழில் ஒருவன் பெனாசிரின் மகன்.
மேலே கோட்டீஸ்வரி வீட்டில்
தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன்.
இரண்டாம் வருஷம் தையில்
வசூல் பண்ணிப் புதுக் கேட்டு போட்டார்கள், பச்சை பெயின்ட்.
அமைதியில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு மொத்தம் இரண்டு பிறப்பு.

பெனாசிர் சொல்கிறாள்: "ஒண்ணு போதும்கா.
எனக்குக் காய்ச்சல்னா இத யாராண்ட தர்றது?"
கோட்டீஸ்வரியும் அதையேதான் சொல்கிறாள்,
கையை அதே மாதிரி உதறி.
செலவு இருவருக்கும் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது.
இரண்டு வாசலுக்கும் நடுவே நாற்பது அடி.

'பிற' என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினேன்:
கேட்டு.

சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கிறது:
'வாக்கியம் முழுமையாக இல்லை. கேட்டுச் சொல்லவும்.'

ஒன்பதுக்கு இன்னும் கால் மணி இருக்கிறது.
செருப்பைத் தேடுகிறேன்.
முதலில் துளசிராமன் வீடு.
ஒரு சாவி அவரிடம்தான்.