முதலை வயிற்றில் ஒரு மனு

எடைக்குத்தான் போடுவான் கணக்கன் பெதெமூனிஸ்.
அலமாரி நிறைந்து
எலி குட்டிபோடத் தொடங்கியதும்
ஆள் அனுப்புவான்.
நான் கழுதையோடு போவேன், இரண்டு சாக்கு.
தராசின் அந்தத் தட்டில் கல்,
இந்தத் தட்டில் ஊரின் மூன்று வருடம்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
என் வேலைக்கு அது தேவையுமில்லை.
செத்த முதலையை
ஏரிக்கரைக் கோயில் அனுப்பிவைக்கும்.
உப்பில் நாற்பது நாள் கிடத்தி
குடல் இருந்த இடத்தில் நாணலும்
நாணல் போதாதபோது எழுத்தும் திணித்து
தைத்துக் கொடுத்தால்
அது சோபெக். கும்பிடலாம்.

ஒன்று மட்டும் வேடிக்கை.
எந்தக் கோரைப் புதரின் நிழலில் முட்டை உடைத்து வந்ததோ
அதே கோரையை யாரோ அறுத்து,
பச்சைத் தோலுரித்து, வெள்ளைத் தண்டைக் கீற்றுக் கீற்றாக
குறுக்கும் நெடுக்கும் பரப்பித் தட்டி,
சங்கால் தேய்த்து, மை தொட்டு,
ஊர் சுற்றவிட்டு
கடைசியில் அதன் வயிற்றுக்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் கை அறியும்.
குச்சிக் குச்சியாய் நிற்பது கிரேக்கம்: வரி.
தூரிகையில் வழுக்கி ஓடுவது நம்முடையது: அழுகை.
ஒரே வரி ஆறு தடவை,
ஆறாவது பாதியில் ஒரு வாத்துப் படம்:
பள்ளிப் பையன்.
அதெல்லாம் வாலுக்கு. வால் நீளம், எவ்வளவும் தின்னும்.

மனுவை மடிப்பில் கண்டுகொள்வேன்.
ஐந்து மடிப்பு, நார்க்கட்டு, மேலே களிமண் முத்திரை.
பிரித்ததில் முத்திரை தூளாகியிருக்கும்.
அன்று சாக்கில் கைவிட்டபோது
முத்திரை முழுசாக இருந்தது.
மூக்குடைந்த வண்டு.
எங்கள் சந்தில் பியர் காய்ச்சும்
தௌபாஸ்திஸின் மோதிரம் அது.

காணாமல்போன கழுதைக்காக எழுதியது.
எழுதிக் கொடுத்தவனுக்கு
இரண்டு ஜாடி கூலி.
பத்து நாளுக்கு ஒருமுறை போய் நிற்பாள்.
"பரிசீலனையில் இருக்கிறது" என்பான் பெதெமூனிஸ்,
தலை நிமிராமல்.
அந்தக் கழுதை அவன் மைத்துனன் கொட்டிலில் நிற்பதை
அவளைத் தவிர எல்லோரும்
பார்க்காதது மாதிரி பார்த்திருந்தோம்.

மனுவை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப்
பார்ப்பதுபோல.
"இது எங்கே போகும்?"
"வயிற்றுக்கு."
கொஞ்ச நேரம் நுரையை வழித்துக்கொண்டிருந்தாள்.
"கண்ணிருந்தவன் படிக்கவில்லை.
பல்லிருப்பது படிக்கட்டும். உள்ளே வை."
நான் வாசல் தாண்டுமுன்
பின்னாலிருந்து குரல்:
"வாலில் வைத்துவிடாதே."

தொண்டையில் வைத்தேன்.
நாக்கின் வேருக்குப் பின்னால்,
முத்திரை வெளியே பார்த்திருக்க.
மேல் தாடையை இறக்கித் தைத்தபோது
ஊசி ஒருமுறை வழுக்கி
என் கட்டைவிரலைக் குத்தியது.
அந்த ரத்தமும் சேர்ந்துதான் போனது.

திருவிழாவன்று முன்தண்டைத் தூக்கும் மரியாதை
ஊர்க்கணக்கனுக்கு.
தெய்வத்தின் வாய் அவன் காதோரம்.
வெயிலில் காய்ந்த ஏடு
ஒவ்வோர் அடிக்கும் சரசரத்தது.
இருமுறை திரும்பிப் பார்த்தான்.
மூன்றாம் முறை தண்டை மற்ற தோளுக்கு மாற்றினான்.
கூட்டத்தில் தௌபாஸ்திஸ்
ஜாடியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
கண் கொட்டாமல் நின்றாள்.

முதலை கொண்டது விடாது என்பார்கள்.
கணக்கன் கொண்டதை விடுமா, தெரியவில்லை.
கழுதை இன்னும் அந்தக் கொட்டிலில்தான்.
அவள் புதிதாக ஒரு தாள் வாங்கியிருக்கிறாள்,
வெள்ளை, நல்ல வழவழப்பு.
எழுதுகிறவனுக்கு இந்த முறை
மூன்று ஜாடியாம்.
என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
அடுத்த முதலை எப்போது சாகும்?