இரண்டாவது அழைப்பு

வேலைக்கு எடுத்தபோது சொன்னார்கள்:
உங்கள் தமிழ்தான் உங்கள் தகுதி.
தேராவில் ஏழாம் மாடி.
கடன் அட்டைத் தவணை தவறியவர்களில்
தமிழ்ப் பெயர்களெல்லாம் என் காதுக்கு வரும்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்.
முதல் அழைப்பில் சார், மேடம்.
இரண்டாவதில் அண்ணே, அக்கா.
மூன்றாவதில் ஊர்:
"லீவுக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டால்
நல்லாவா இருக்கும், அண்ணே?"
எழுதியவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது.

அல் கூஸ் முகாமில் முத்துராக்கு எடுத்தார்.
பின்னால் குக்கர் விசில், யாரோ சிரிக்கிற சத்தம்.
"அட, தமிழா! எந்த ஊரு தாயி?"
கடன் என்று நான் வாயெடுப்பதற்குள்
அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.
சாரம் கட்டுகிற வேலை. பாக்கி பதினோராயிரத்து நானூறு திர்ஹம்.
மூன்றாவது முறையும்
"நல்லா இருக்கியா தாயி" என்றுதான் தொடங்கினார்.
நான் தாளைப் படித்தேன்.

அடுத்த வாரமே கட்டிவிட்டார், முழுசாக.
எப்படி என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
எனக்கு இருநூறு திர்ஹம் ஊக்கத்தொகை.

அந்த ஞாயிறு ஊரிலிருந்து என் அண்ணன் பேசினான்.
அண்ணே என்று ஆரம்பித்தேன்,
அடுத்த வார்த்தை வரவில்லை.
லைன் சரியில்லையா என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.

இப்போது ஷார்ஜா, ரோலாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்.
காய்கறியை நிறுத்துச் சீட்டு ஒட்டுகிறேன்.
சம்பளத்தில் ஆயிரத்து முந்நூறு குறைந்தது.
கட்டில் இரண்டடுக்கானது.
"அண்ணே, இந்த முருங்கைக்காய் முற்றல்,
வேற எடுத்துக்கிட்டு வாங்க" என்கிறேன்.
சூப்பர்வைசர் முறைக்கிறார்.

என் கையில் இருப்பதும் அந்த வங்கியின் அட்டைதான்.
இரண்டு தவணை விட்டுப்போனது.

நேற்று ஜெபசீலி கூப்பிட்டாள்.
என் நாற்காலியை அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.
என் பெயரைப் படித்தபோது குரல் ஒரு கணம் தடுக்கியது.
தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது,
தரத்துக்காக எல்லாம் பதிவாகும்.
அவளுக்கும் வாடகை இருக்கிறது.
"அக்கா" என்றாள்.
இரண்டாவது அழைப்பு, எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்குள் நானூறு கட்டுகிறேன் என்றேன்.
அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள்
தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
சாப்பிட்டியா?

கொஞ்ச நேரம்
அவள் மூச்சு மட்டும்
தரத்துக்காகப் பதிவானது.