ஒத்தப்பனை மேடு

வரைபடத்தில் அது ஒரு பழுப்பு வளையம்,
நடுவே புள்ளி, பக்கத்தில் பத்தொன்பது என்று எண்.
மீட்டரா அடியா?
சாயல்குடி லாட்ஜில் கொசுவோடு சேர்ந்து
பாதி ராத்திரி வரை வாதாடினோம்
நானும் பியூலாவும்.
மூன்று நாள் விடுப்பு.
"கொடைக்கானல் இருக்க அங்க என்ன இருக்கு?" என்று
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கேட்டார்கள்.
ஒன்றும் இல்லை, அதற்குத்தான் என்றேன்.

மாரியூரில் இறங்கிக் கிழக்கே நடந்தோம்.
கடல் வலக்கையில் இருக்கும்வரை வழி தப்பாது என்றாள்.
அரை மணியில் உடைமுள் குறுக்கே வந்து
கடலைப் பிடுங்கிக்கொண்டது.
அப்புறம் ஓசைதான் வலக்கைப் பக்கம்.
கருவாட்டு வீச்சம் ஓரிடத்தில்,
உடைந்த வள்ளத்தின் விலா ஓரிடத்தில்,
ராவணன் மீசை ஒன்று
முட்பந்தாய் எங்களை முந்தி உருண்டது.
பதினொரு மணி. பியூலாவின் குதிகாலில் கொப்புளம்.
அவள் ஷூவைக் கழற்றி, சுட்டதும்
மறுபடி மாட்டினாள்.

மேடு வந்தது தெரியவில்லை,
மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது.
இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி
மணல் திருப்பி எடுத்துக்கொள்ளும்.
கையூன்றி, அடப்பங்கொடியைப் பற்றி,
அது வேரோடு வர,
சிரித்துக்கொண்டே நாலுகாலில் போனோம்.

உச்சியில் பனை இல்லை.
பாதி புதைந்த சர்வே கல்லும்
ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன.

தெற்கே கடல், இரண்டு நிறத்தில்.
கிழக்கே வாலிநோக்கத்து உப்பு, தகடு தகடாக.
அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
பைக்குள் இருந்த போன் அதிர்ந்தது.
இலங்கைக்கு நல்வரவு என்றது.
பியூலா நாற்காலியில் உட்கார்ந்து
கொப்புளத்தை ஊதினாள்.

"அது என் சேர்."

கீழிருந்து ஒருத்தி, இடுப்பில் பிள்ளை,
மூச்சே வாங்காமல் ஏறி வந்தாள்.
பேர் சித்தி நஸீமா.
"ஊருல டவர் எடுக்காது. அவுக தம்மாமுல இருக்காக.
லுஹருக்கு முந்தி பேசுவாக.
நீங்க யாருக்குப் பேச வந்தீக?"
யாருக்கும் இல்லை, நடக்க வந்தோம் என்றேன்.
"நடக்கவா?"
பியூலாவின் காலைப் பார்த்தாள்.
"சாயல்குடிக்கு மினி பஸ் இருக்கே."

மணி அடித்தது.
முந்தானையால் போனைக் காற்றுக்கு மறைத்து,
குனிந்து, பிள்ளையின் காதில் வைத்து,
பிடுங்கித் தன் காதில் வைத்து,
பல்லு ரெண்டு வந்துருக்கு என்றாள்,
கூரை மாத்தணும் என்றாள்,
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை.
பிறகு:
"இல்ல, அது காத்து.
இங்க யாரும் இல்ல. நீங்க சொல்லுங்க."

நான் பியூலாவைப் பார்த்தேன்.
அவள் ஷூக்களைக் கையில் எடுத்தாள்.
வந்த வழியில் இல்லாமல்
மறுபக்கச் சரிவில்,
மணல் சறுக்கும் சத்தம்கூட வராமல்
உட்கார்ந்தபடியே இறங்கினோம்.

பாதியில் பியூலா கிசுகிசுத்தாள்:
"மீட்டர்தான்."