புகைக்குள் ஒன்பது

வாரநாளில் நான் பல் செய்கிறவள்.
பீட்டர்மாரிட்ஸ்பர்கில், பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில்
அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்து
மெழுகு வார்க்கும் கை.
வெள்ளி இரவில் அதே கை
கருமருந்து அளக்கிறது.
பித்தளைக் கூட்டுக்குள் கரி, கந்தகம், வெடியுப்பு,
மேலே ஓர் அட்டை வில்லை, அதன்மேல் ஈயம்.
அழுத்தி அடை, காற்றுக்கு இடம் கொடுத்தால்
துப்பாக்கி உன்னிடம் கணக்குக் கேட்கும்
என்பான் வுசி.
தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் காய்ச்சி
எனக்கும் சேர்த்து ஒரு டப்பா கொண்டுவருவான்.

ரிச்மண்ட் போகும் வழியில், மாட்டுப்பண்ணைக்குப் பின்னால்
தகரத்தில் ஒரு சலூன், தகரத்தில் ஒரு வங்கி,
யாரையும் தொங்கவிடாத ஒரு தூக்குமரம்.
சேர்ந்த அன்று பட்டப்பெயர் கேட்டார்கள்.
எல்லோருக்கும் ஒன்று வேண்டும், அதுதான் ஆட்டம்.
"இத்தனை கௌபாய்களுக்கு
கடைசியில் ஓர் இந்தியன் கிடைத்தாள்" என்றான் ஹென்னி.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
ஸ்டாங்கரில் கரும்பு எரிக்கும் மாதங்களில்
கொடியில் காயும் வெள்ளைச் சீருடைமேல்
மெத்தென்று வந்து உட்காருமே, தொட்டால் தீற்றிக்கொள்ளுமே,
அதை எழுதிக்கொடுத்தேன்:
பிளாக் ஸ்னோ.

மற்றவர்கள் புகையில்லா மருந்துக்காரர்கள்.
சுடுவார்கள், பார்ப்பார்கள், சுடுவார்கள்.
எனக்கும் வுசிக்கும்
முதல் குண்டுக்கு மட்டும்தான் கண்.

அன்று ஆகஸ்ட். புல்நுனி அசையவில்லை.
தோளருகே கடிகாரத்தை நீட்டினான் ஹென்னி.
பீப்.
ஐந்து இரும்புத் தட்டு, இடமிருந்து வலம், இரண்டு சுற்று.
டங்.
வெள்ளை மேகம் எழுந்து
போக்கிடமில்லாத விருந்தாளிபோல் முகத்துக்கு நேரே நின்றது.
டங். டங்.
தட்டுகள் இருக்குமிடம் இடுப்புக்குத் தெரியும்,
நெம்பு, திரும்பு,
டங் டங் டங்.
ஏழாவது போனது.
மேட்டுமண் வாங்கிக்கொண்டதுபோல
ஒரு தொப்.
டங். டங். டங்.

பார்வையாளர் மூவரும் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவர் தோளைக் குலுக்கினார்.
ஒருவருக்கு இருமல்.
கண்ணால் காணாததைத் தவறென்று எழுதக்கூடாது,
சந்தேகம் வந்தால் சுட்டவர் பக்கம். அது விதி.
"சுத்தம்" என்றான் ஹென்னி.

ஒரு தவறுக்கு ஐந்து நொடி.
நான் வுசியை முந்தியது இரண்டே நொடியில்.
லாட வடிவத்தில் ஒரு தகடு தந்தார்கள், மூன்றாம் இடம்.
முதலில் கைதட்டியவன் அவன்தான்.
வாய் முழுக்கக் கந்தகம்,
அதனால்தான் பேச்சு வரவில்லை என்று
நெடுஞ்சாலை வரும்வரை
எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

குளியலறையில் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.
குழலிலிருந்து தார்,
பிறகு சாம்பல்,
பிறகு ஆறிய தேநீர் நிறம்.
தெளிய மாட்டேன் என்றது.
"அம்மா, உள்ளே என்ன செத்துப்போச்சு?"
கதவைத் தட்டினான் பிரேஷன்.
"அழுகின முட்டை வாசம்டா, வேறொண்ணுமில்ல."
சோப்புத் தண்ணீரில் ஊறிய கூடுகளை எண்ணினேன்.
பத்தும் இருந்தன.
எது எங்கே போனதென்று கூட்டுக்கு என்ன தெரியும்.

பதினொன்றரைக்கு போன் அடித்தேன்.
தூக்கக் குரல்.
வுசி, இன்னிக்கு, என்று ஆரம்பித்தேன்.

"ஏழாவது" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
அவன் அதை அதட்டினான்.
நான் ஈரக்கையோடு நின்றேன்.

"திங்கட்கிழமை ஹென்னிகிட்ட சொல்லு.
சொல்லாட்டியும் போ.
ஆனா அடுத்த மாசம்
தேன்மெழுகு உன் செலவு."